உழைப்பு குறைந்தது, உலை குறையவில்லை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உடல் எடையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வியப்போர் இருக்கலாம். சங்கப் பாடல்கள், காப்பியங்கள், இஸ்லாமியச் சிற்றிலக்கியங்கள் என எழுத வேண்டியவை எத்தனையோ இருக்க, வயிற்றுச் சுற்றளவைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எனக்குத் துணி தைத்துத் தரும் தையற்காரர். மற்றொன்று, என் அண்ணன்.

நான் கல்லூரிப் பணியில் சேர்ந்த நாள்முதல் எனக்கு முழுக்காற்சட்டை தைத்துத் தருபவர் சேலம் கடைவீதியிலுள்ள ஒரு பெரியவர். அகவை எழுபதைக் கடந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய காற்சட்டை ஒன்றை இடுப்பில் சற்றுத் தளர்த்தித் தருமாறு அவரிடம் கொண்டு சென்றேன். தையலைப் பிரித்துப் பார்த்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இதை மூன்று முறை பிரித்து விட்டாயிற்று. இனிப் பிரிக்க உள்ளே துணி இல்லை" என்றார். அவருடைய அளவு நாடாவில் என் வயிற்றுச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். அடுத்த வாரம் எடுத்த இரத்தச் சோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டின்மேல் நின்றது. மருத்துவருக்கு முன்பே தையற்காரர் நோயறிந்துவிட்டார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அண்ணனின் செய்தியில் வேடிக்கை ஏதுமில்லை. அவர் மெலிந்த உடலினர். லாரிப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதி வந்தார். காலையில் நாற்காலியில் அமர்ந்தால் இரவில்தான் எழுவார். கைகால்கள் குச்சி போலிருக்கும். சட்டைக்குள்ளே சிறியதொரு தொந்தி மட்டும் தெரியும். "அவனுக்கென்ன, ஒல்லி உடம்பு" என்று உறவினர் அனைவரும் கூறுவர். கால் விரலில் உண்டான புண் ஆறாமற்போய்ச் சோதித்தபோதுதான் நீரிழிவு பல ஆண்டுகளாக அவரிடம் குடியிருந்தது தெரிய வந்தது. 46ஆம் அகவையில் மாரடைப்பால் காலமானார். சற்றுப் பருத்திருந்த என்னைக் குறித்துக் கவலைப்பட்ட குடும்பம், மெலிந்திருந்த அவரைக் குறித்துக் கவலைப்படவே இல்லை. கண்ணால் காணும் பருமனை மட்டுமே நாங்கள் எடை என்று எண்ணியிருந்தோம்.

இந்தப் பிழை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2004ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் ஆங்கில மருத்துவ இதழில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. மருத்துவ அறிஞர் இருவர் அதில் காணப்படுகின்றனர். ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்து நாட்டு ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே, 22.3. அஃதாவது உயரத்துக்கேற்ற எடை என்னும் கணக்கில் இருவரும் ஒரே நிலையினர். ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடும் இந்தியருக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. எடைக்கருவி ஒன்றாகக் காட்டிய இரு உடல்களுக்குள் இத்துணை வேறுபாடு! நம் நாட்டவர்க்குத் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் அமைகின்றன. அக்கொழுப்பும் கை கால்களில் பரவாது வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்து தங்குகிறது. அவ்வாறு தங்கும் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுத்து நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிகோலுகிறது.

ஆகவே நமக்குரிய அளவுகோல்களும் சற்றே கடுமையானவை. கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண். 1.65 மீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோ இருந்தால் அவருக்கு அது 25. ஐரோப்பியருக்கு 25 என்பது மிகை எடையின் தொடக்கம்; 30 என்பது பருமன். இந்திய வல்லுநர்கள் 2009இல் வகுத்துரைத்த அளவின்படி நமக்கு 23இலேயே மிகை எடை தொடங்கிவிடுகிறது. 25ஐ எட்டினால் பருமன். இதனினும் எளியது வயிற்றுச் சுற்றளவு. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், மகளிர்க்கு 80 சென்டிமீட்டர் என்பவை தாண்டக்கூடாத எல்லைகள். அளக்கும் இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே என்பதை நினைவிற்கொள்க. தொந்திக்குக் கீழே வாரை இறக்கிக் கட்டிக்கொண்டு "எனக்கு இன்றும் முப்பத்து நான்கு அங்குலம்தான்" என்று பெருமை பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அளப்பது வயிற்றையன்று, வாரை.

தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல் தமிழகத்தில் மகளிருள் 30.9 விழுக்காட்டினரும் ஆடவருள் 28.2 விழுக்காட்டினரும் மிகை எடை உடையோர் எனக் கண்டது. 2019-21இல் அவை முறையே 40.4, 37.0 என உயர்ந்தன. இந்திய அளவில் அதே ஆய்வு காட்டுவது 24.0, 22.9 மட்டுமே. இவையும் 25 என்னும் எல்லையை வைத்துக் கணக்கிட்டவை. 23ஐ வைத்து எண்ணினால் தொகை இன்னும் பெருகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வு, நாட்டிலுள்ள வயதுவந்தோருள் பொதுவான பருமன் உடையோர் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் உடையோர் 39.5 விழுக்காடு என்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தப் பதினொரு விழுக்காட்டினரின் பெரும்பாலோர் என் அண்ணனைப் போன்றவர்கள்.

மானாவாரி நிலமும் மாறிய தட்டும்

இந்நிலைக்கு நாம் எவ்வாறு வந்தோம்? பேராசை கொண்டு மிகுதியாக உண்கிறோம் என்று சிலர் எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகின்றனர். நான் அதனை ஏற்பதில்லை.

சேலமும் நாமக்கல்லும் 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. 1934இல் மேட்டூர் அணை நம் மண்ணில் எழுந்தபோதிலும் அந்நீரின் பெரும்பகுதி கீழே தஞ்சை நாட்டு வயல்களுக்கே சென்றது. நம்முடையது பெரும்பாலும் மழையையும் கிணற்றையும் நம்பிய நிலம். சோளம், கம்பு, ராகி, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை விளைந்தன; மலைமேல் சாமையும் தினையும் விளைந்தன. அரிசிச் சோறு என்பது நோன்புப் பெருநாளுக்கோ பொங்கலுக்கோ திருமணத்துக்கோ உரியதாகப் பல வீடுகளில் இருந்தது. என் தந்தையார் ஜவுளி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெண்ணந்தூர், இராசிபுரம் என ஊர் ஊராகச் சென்று தவணைக்கு விற்றவர். விடியற்காலையில் இரண்டு உருண்டை ராகிக் களியை உண்டு புறப்படுவார். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் மிதித்துத் திரும்பி வந்து மீண்டும் வயிறார உண்பார். இன்று நான் உண்பதைக் காட்டிலும் அவர் உண்டது மிகுதி என்பதில் ஐயமில்லை. அவருக்குத் தொந்தி இருந்ததே இல்லை.

கவலை ஏற்றி நீர் இறைத்த இடத்தில் பம்புசெட் வந்தது. தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு மிதித்து நெய்த இடத்தில் விசைத்தறி வந்தது. சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரித் தொழில் செழித்து ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆனால் அத்தொழில் ஓட்டுநரைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கையில் கட்டிப்போட்டு, நள்ளிரவில் பரோட்டாவைத் தின்னவைத்தது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு குடும்ப அட்டைகளுக்கு அரிசியை விலையின்றி வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே மிக்சியும் கிரைண்டரும் விலையின்றி வழங்கும் திட்டமும் தொடங்கியது. உலைக்கு அரிசி வந்தது. அரைக்கும் உழைப்பு அகன்றது. இரண்டுமே நன்மைகள் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உரலில் இடித்து இடித்துக் கை காய்த்துப்போன என் பாட்டியார் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பசித்த வயிற்றோடு பள்ளிக்குச் சென்ற தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம் அரிசியைப் பழிப்பது நன்றியன்று. ஆயின், உழைப்பு பாதியாகக் குறைந்த பின்னும் உலையில் இடும் அரிசி குறையவில்லை என்பதே நம் நோயின் வேர்.

கொல்லிமலையில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்குத் தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்த சாமையும் பனிவரகும் தினையும், மரவள்ளி பணப்பயிராகப் பரவியபோது சுருங்கின. சிறுதானியம் சுருங்கியதற்கு விலை மட்டும் காரணமன்று. அதன் உமியை நீக்கும் வேலை பெண்களுக்குக் கடுமையாக இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு விதைகளைக் காப்பதோடு நில்லாமல் உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களில் அமைத்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பழைய உணவு நல்லது என்று மேடையில் பேசுவோர் அதை இடித்துத் தந்த கைகளை மறந்துவிடுகின்றனர்.

2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பின் மற்றொரு மயக்கமும் பரவியுள்ளது. சிறுதானியம் உண்டால் உடல் இளைக்கும் என்பர். நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் கம்பிலும் உள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. 350 கலோரியை ஒட்டியது. ராகியில் சிறிது குறைவு. வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது: தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, ராகியிலும் கம்பிலும் 11 கிராம் அளவு. நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்கி, பசி விரைவில் திரும்பாமல் காக்கும். எனவே அரிசிக்கு மாற்றாகக் கம்பஞ்சோறு உண்பது பயன் தரும். அரிசிச் சோற்றை முழுதும் உண்டுவிட்டு, அதற்குமேல் வெல்லமிட்ட ராகி மாவுருண்டையும் தின்பது எடையைக் கூட்டவே செய்யும்.

ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. சேலத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து வரவு நின்றுபோக, 1943 அளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழிலாக அது நம் பெருமை. உணவாக அது ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து. புரதமும் நாரும் இல்லையென்றே சொல்லலாம். நோயாளிக்கு எளிதில் செரிக்கும் கஞ்சியாக அது பொருந்தும். "லேசான உணவு" என்று எண்ணி உடல் இளைக்க விரும்புவோர் இரவில் ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

கொள்ளின் நிலை இதற்கு மாறானது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியை நம்பிக் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்புக் கரையும் என்பார் உளர். உணவு எதுவும் கொழுப்பைக் கரைப்பதில்லை. ஆனால் நூறு கிராம் கொள்ளில் 20 கிராமுக்கும் மேற்பட்ட புரதம் உண்டு. நாரும் நிறைய உண்டு. வடித்த நீரைக் குடிப்பதை விடக் கொள்ளையே கடைந்து, சோற்றைக் குறைத்துக்கொண்டு உண்பதே அறிவுடைமை. பழமொழி சொன்னது தவறில்லை. நாம் கொண்ட பொருள்தான் தவறு.

நம் நாட்டார் உணவில் ஆற்றலின் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதம் குறைவு. நாமக்கல் முட்டை தமிழகமெங்கும் சத்துணவு மையங்களுக்குச் செல்கிறது. கடல் கடந்தும் செல்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும் 70 கலோரி அளவும் உண்டு. காலையில் ஐந்து இட்டிலி உண்பவர் மூன்று இட்டிலியும் ஒரு முட்டையும் என்று மாற்றிக்கொண்டால் மதியம் வரை பசி தோன்றாது. முட்டை உண்ணாதோர்க்குப் பச்சைப் பயறும் கொண்டைக் கடலையும் மோரும் உள்ளன. பகலுணவில் தட்டின் பாதியைக் காய்களும் கீரையும் நிரப்ப, எஞ்சிய பாதியில் சோறும் பருப்பும் இடம் பெறட்டும். முதலில் காயையும் பருப்பையும் உண்டு பின்னர் சோற்றுக்கு வந்தால் சோறு தானே குறைந்துவிடும். இதை நான் என் மீதே சோதித்துக் கண்டேன்.

எண்ணெயும் சர்க்கரையும் கண்ணுக்குத் தெரியாமல் புகுபவை. உட்கார்ந்து பணியாற்றும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும் என்பது ஊட்டச்சத்து வல்லுநர் கணக்கு. நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3 கிலோ என்பது உச்ச அளவு. மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்; எங்கள் வீட்டுச் சீட்டில் ஆறு கிலோ இருந்தது. தேநீரின் கணக்கும் அவ்வாறே. இரண்டு கரண்டி சர்க்கரையிட்டு நாளுக்கு ஆறு முறை குடித்தால் சர்க்கரை மட்டும் 60 கிராம், 240 கலோரி. ஆசிரியர் ஓய்வறையில் தேநீரும் தட்டுவடையும் இன்றி எந்த விவாதமும் முடிவதில்லை என்பதை என் நண்பர்கள் அறிவர்.

நடையின் கணக்கு

விரைந்து அரைமணி நேரம் நடந்தால் செலவாகும் ஆற்றல் 120 முதல் 150 கலோரி. ஒரு பரோட்டாவில் அதைப்போல் இரு மடங்கு உண்டு. நடந்தே எடையைக் குறைத்துவிடலாம் என்று எண்ணுவோர் விரைவில் சோர்ந்து கைவிடுவதற்கு இந்தக் கணக்கே காரணம். அப்படியானால் நடப்பதால் என்ன பயன் என்ற வினா எழுகிறது. அதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு விடை தந்துள்ளது.

மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டுக் காலம் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினர்க்கு உணவுத் திருத்தமும் நடையும். மூன்றாம் பிரிவினர்க்கு மெட்ஃபார்மின் என்னும் மாத்திரை. நான்காம் பிரிவினர்க்கு இரண்டும். உணவுத் திருத்தம் என்பது பட்டினியன்று. தீட்டிய அரிசியும் கொழுப்பும் குறைத்தல், சர்க்கரையை நீக்குதல், நாருள்ளவற்றைச் சேர்த்தல் என்பனவே. நடை என்பது நாளும் அரைமணி நேரம். முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் மூன்றாண்டில் நீரிழிவுக்கு ஆளாயினர். திருத்தம் செய்துகொண்ட பிரிவில் 39 பேர். மாத்திரை உண்ட பிரிவில் 40 பேர் அளவு. இரண்டையும் சேர்த்துக் கொண்டோர்க்குத் தனியே கூடுதல் பயன் விளையவில்லை. மாத்திரை செய்த வேலையை நடையும் தட்டும் செய்துவிட்டன.

இதில் என்னை வியக்க வைத்தது வேறொன்று. திருத்தம் செய்துகொண்டோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! எடை குறையாமலே நோய் விலகியிருக்கிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. எடைக்கருவியின் முள் அதைக் காட்டுவதில்லை. இதனால் எடையைக் குறைப்பது வீண் என்பது பொருளன்று. பின்லாந்தில் 2001இலும் அமெரிக்காவில் 2002இலும் வெளியான இத்தகைய ஆய்வுகளில் எடையையும் குறைத்தோர்க்கு நோய் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் குறைந்தது 28.5 விழுக்காடு. எடையும் குறைந்தால் பயன் கூடும். குறையவில்லையே என்று மனம் உடைந்து நடையை நிறுத்துவதுதான் பெருந்தவறு.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது 2020இல் உலக நலவாழ்வு அமைப்பு தந்த அளவு. இரண்டாவது பகுதியை நம்மவர் முற்றிலும் மறந்துவிடுகின்றனர். நம் முன்னோர்க்கு நீர்க்குடமும் நெல்மூட்டையும் அப்பயிற்சியைத் தந்தன. இன்று நாற்காலியைப் பற்றிக்கொண்டு பத்து முறை அமர்ந்தெழுவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும் போதும், கருவிகள் வேண்டா. நாற்பது அகவைக்குப்பின் தசை ஆண்டுதோறும் கரைகிறது. கரைந்த இடத்தில் கொழுப்புக் குடியேறுகிறது. உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல உலாவுவதும் இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறாது தடுக்கும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பதாகக் கூறும் பொடிகளையும் பானங்களையும் நாடாதீர்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நன்று. பட்டினியால் விரைந்து குறையும் எடையில் தசையும் போய்விடுகிறது. பின்னர்த் திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பே. காலையுணவை விட்டுவிட்டு வகுப்பில் மயங்கி விழும் மாணவியரை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களில் பலருக்குக் குறைக்க வேண்டிய எடையே இல்லை. கூட்ட வேண்டிய இரும்புச்சத்துத்தான் உண்டு. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைப்பதும் தீங்கு. எவ்வகைக் காரணமும் இன்றி எடை திடீரெனக் கூடினாலும் குறைந்தாலும் தைராய்டு முதலியவற்றைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

பெரியோர்களின் கவனத்துக்கு

மேலே காட்டிய கணக்கில் மகளிர் எண்ணிக்கையே மிகுதி என்பதைப் பெரியோர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் உண்பவள் அவள். எஞ்சியதை வீணாக்கலாகாது என்று பிள்ளைகளின் தட்டில் மீந்ததையும் சேர்த்து உண்பவளும் அவளே. "வீட்டு வேலை செய்கிறாளே, அது போதாதா?" என்பர். நின்றபடி சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் களைப்பைத் தரும். மூச்சு வாங்க நடப்பதன் பயனைத் தாரா. ஆடவர் சுபுஹு தொழுகைக்குப் பின் சாலையில் நடக்கலாம். பெண்கள் எங்கே நடப்பர்? 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்றை வரையறுத்து நடைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் நம் தெருக்களிலுள்ள தாய்மார்கள் அவ்வளவு தொலைவு சென்று நடப்பது அரிது.

நம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மதரசாக்களுக்கும் சுற்றுச்சுவருடன் கூடிய திடல்கள் உள்ளன. காலையில் ஒரு மணி நேரமும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரமும் பெண்களுக்கென்றே அவற்றைத் திறந்துவைத்தால் என்ன? ஒரு காவலரும் ஒரு விளக்கும் தவிர வேறு செலவில்லை. இவ்வேண்டுகோளை ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம் நேரில் வைத்தபோது, "பெண்கள் வருவார்களா, சார்?" என்று கேட்டார். திறந்து பார்த்தால்தானே தெரியும் என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மலரில் எழுதுவது அதனால்தான்.

விருந்தைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். வலீமாவில் பிரியாணிக்கு மேல் பிரியாணியைக் கேளாமலே வைப்பதை அன்பின் அடையாளம் என்று கருதுகிறோம். கேட்டபின் வைப்பது அன்புக்குக் குறைவாகாது, வீணாவதும் குறையும். ரமளானில் பகலெல்லாம் நோன்பிருந்தும் மாத முடிவில் எடை கூடியவர்கள் நம்மில் பலர் உள்ளனர். நோன்புக் கஞ்சியில் பிழையில்லை; அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நல்லுணவு அது. அதைச் சுற்றி அடுக்கும் சமோசாவும் வடையும் பஜ்ஜியும் செயற்கைச் சர்பத்துமே எடையைக் கூட்டுகின்றன. பேரீச்சம்பழம், கஞ்சி, ஒரு பழம், தண்ணீர் என்று திறந்துவிட்டுத் தொழுகைக்குப் பின் அளவாக உண்டு, தராவீஹுக்குப் பள்ளிவாசல்வரை நடந்தே சென்று வருபவர்களுக்கு அந்த மாதமே நல்ல மருந்தாகும். நான் இதில் முதலாண்டு வென்றேன். இரண்டாம் ஆண்டு சமோசாவிடம் தோற்றேன். மறைப்பதற்கில்லை.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பத்துக் குறட்பாக்களில் ஆறு, உண்ணும் அளவையும் முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பதையுமே பேசுகின்றன. ஒரு மருந்தின் பெயர்கூட அவ்வதிகாரத்தில் இல்லை. இருபது ஆண்டுகள் அதை நடத்தியவனுக்கு 98 சென்டிமீட்டர் இருந்ததை எண்ணி நாணியதுண்டு. மாணவர்கள் சுட்டிக்காட்டவில்லை, அது அவர்தம் பண்பு.

நான்கு ஆண்டுகளில் என் எடை ஐந்து கிலோ மட்டுமே குறைந்தது. வயிற்றுச் சுற்றளவு 91க்கு வந்துள்ளது. எல்லைக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. சென்ற மாதம் அந்தப் பழைய காற்சட்டையை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் சென்று, இடுப்பைப் பிடித்துத் தைத்து, மிகுந்த துணியை வெட்டிவிடச் சொன்னேன். பெரியவர் நாடாவை இருமுறை வைத்துப் பார்த்தார். "தைத்துத் தருகிறேன், தம்பி. வெட்ட வேண்டாம், உள்ளேயே மடித்து வைக்கிறேன். நோன்புப் பெருநாள் வருகிறதல்லவா?" என்றார்.